‘ஏன் ரேடியாலஜி?’ - ரேங்க் மட்டுமே பார்க்கும் ஊரிலிருந்து இன்டர்வியூவுக்குப் போகும் டாக்டர்கள் எப்படித் தயாராகலாம்?

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை. நைட் ஷிஃப்ட் ஆட்களை இறக்கிவிட்டு கம்பெனி பஸ்கள் போய்விட்டன. உள்ளே ஓ.எச்.சி. என்று எல்லோரும் சொல்லும் மருத்துவ அறையில் ஓர் இளம் எம்.பி.பி.எஸ். டாக்டர் டியூட்டியில் இருக்கிறார். மேஜையில் பி.பி. மெஷின், டியூட்டி ரெஜிஸ்டர், பக்கத்தில் ரேடியாலஜி புத்தகம். இன்னும் சில வாரங்களில் அவருக்கு ஓர் ஆன்லைன் இன்டர்வியூ.

இப்படி ஒரு டாக்டரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிளஸ் டூவில் மார்க் வாங்கியிருக்கிறார். நீட் எழுதியிருக்கிறார். எம்.பி.பி.எஸ். முடித்திருக்கிறார். ஆனால், ‘நீங்கள் ஏன் இந்தத் துறைக்கு வர ஆசைப்படுகிறீர்கள்?’ என்று இதுவரை யாரும் அவரைக் கேட்டதே இல்லை. இன்டர்வியூவில் முதல் கேள்வியே அதுதான்.

இதற்கு எப்படித் தயாராவது? முதலில், நம்ம ஊரில் இந்தக் கேள்வி ஏன் காணாமல் போச்சு என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

இங்கே ஏன் இன்டர்வியூ இல்லை?

இந்தியாவில் எம்.டி. ரேடியோடயக்னோசிஸ் மூன்று வருடப் படிப்பு. அதற்கான வழி நீட் பி.ஜி. 2025-ல் இந்தத் தேர்வு ஆகஸ்ட் 3-ம் தேதி ஒரே ஷிஃப்டில் நடந்தது. 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம், 800 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. ரேங்க் வரும், கவுன்சலிங் வரும், சீட் வரும். முதல் சில நூறு ரேங்க் வாங்குபவர்கள் பொது மருத்துவத்தையும் ரேடியாலஜியையும்தான் போட்டி போட்டு எடுக்கிறார்கள். எடுப்பவரின் ஆர்வம் என்ன, பேச்சு எப்படி என்று யாரும் பார்ப்பதில்லை.

முன்பு அப்படி இல்லை. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கே இன்டர்வியூ இருந்தது. அதை எதிர்த்த ஒரு வழக்கு 1970-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. ‘பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு’ என்று சட்டம் படிப்பவர்கள் இன்றைக்கும் படிக்கும் வழக்கு அது. இன்டர்வியூவில் மதிப்பெண் போட்ட விதத்திலும், கல்லூரிகளை யூனிட் யூனிட்டாகப் பிரித்து ஆள் எடுத்த முறையிலும் நீதிமன்றம் குறை கண்டது.

இன்னொரு உதாரணம் வேலூர் சி.எம்.சி. சொந்த நுழைவுத் தேர்வு, அதோடு நேரில் வரவழைத்துப் பார்க்கும் முறை என்று அந்தக் கல்லூரி பல காலம் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து வந்தது. 2017-ல் நீட் கட்டாயமானபோது, 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒரே ஒரு மாணவரை மட்டும் சேர்த்து மற்றதைக் காலியாக விட்டது. கடைசியில் 2020 ஏப்ரல் 29-ம் தேதி, சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கும் நீட் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மத்திய அரசும் 2016 ஜனவரி முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு இன்டர்வியூவை எடுத்துவிட்டது. காரணம் நமக்குத் தெரிந்ததுதான். இன்டர்வியூ என்றாலே சிபாரிசு, சாதி, காசு, ‘யார் வீட்டுப் பிள்ளை?’ என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. தன் வேலையைப் பற்றி இரண்டு நிமிடம் கோர்வையாகப் பேசும் பழக்கமே இல்லாமல் நம்ம டாக்டர்கள் வளர்கிறார்கள்.

அப்போ எங்கேதான் இன்டர்வியூ இருக்கு?

ஒன்று, இந்தியாவுக்குள்ளேயே. எம்.டி. முடித்து டி.எம். நியூரோரேடியாலஜி, டி.எம். இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி போகிறவர்களுக்கு, எய்ம்ஸ் நடத்தும் ஐ.என்.ஐ.-எஸ்.எஸ். தேர்வில் கம்ப்யூட்டர் தேர்வுக்குப் பிறகு துறை சார்ந்த மதிப்பீடு என்று இரண்டாவது கட்டம் உண்டு. அதில் பேராசிரியர்கள் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். சீனியர் ரெசிடென்ட் பணி, ஃபெலோஷிப் போன்றவற்றுக்கும் பல இடங்களில் இன்டர்வியூ இருக்கிறது.

இரண்டு, பிரிட்டன். அங்கே ரேடியாலஜி பயிற்சி ஐந்து வருடம், இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி என்றால் ஆறு. இந்தியாவில் படித்தவர் முதலில் பிளாப் தேர்வு போன்ற ஒரு வழியில் அங்கே டாக்டராகப் பதிவு செய்ய வேண்டும். ஸ்பெஷாலிட்டி பயிற்சிக்குத் தகுதியானவர் என்று மூத்த மருத்துவர் கையெழுத்திடும் கிரெஸ்ட் படிவமும் வேண்டும். பிறகு ஓரியல் என்ற இணையதளத்தில் விண்ணப்பம். அடுத்து எம்.எஸ்.ஆர்.ஏ. என்ற கம்ப்யூட்டர் தேர்வு. அதில் ஒரு பகுதி மருத்துவ அறிவைப் பார்க்கும். இன்னொரு பகுதி, வேலையிடத்தில் சிக்கல் வந்தால் நீங்கள் எப்படி நடந்துகொள்வீர்கள் என்று பார்க்கும். அந்த மதிப்பெண்ணை வைத்து வடிகட்டிய பிறகுதான் ஆன்லைன் இன்டர்வியூ.

போட்டி எப்படி? 2024-ல் ரேடியாலஜி பயிற்சியில் ஓர் இடத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. வேடிக்கை என்னவென்றால், அதே நாட்டில் ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பஞ்சம். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ரேடியாலஜிஸ்ட்ஸ் எடுத்த 2023 கணக்கெடுப்பு, தேவையைவிட 30% ஆள் குறைவு என்றது. ஆள் தேவை அதிகம், ஆனால் பயிற்சி இடங்கள் குறைவு.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பயிற்சி இடங்களில் உள்நாட்டில் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று பிரிட்டன் அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட பத்தாண்டுத் திட்டத்தில் அறிவித்தது. 2026 ஜனவரியில் அதற்கான மசோதாவையும் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தது. வெளியிலிருந்து போகிறவர்களுக்கு வாசல் குறுகுகிறது. அதனால் பிளாப் ஃபீஸ், விசா, கோச்சிங் என்று பணம் கட்டுவதற்கு முன்னால், அந்த வருட விதி என்ன சொல்கிறது என்பதை அரசு இணையதளத்திலேயே படித்துவிடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் வரும் போன வருடத்து பி.டி.எஃப்.பை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

இன்டர்வியூவில் மார்க் எப்படி விழும்?

இன்றைய இன்டர்வியூக்கள் 1970-ல் நாம் பயந்தது மாதிரியானவை அல்ல. எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே நேர அளவு, முன்கூட்டியே எழுதிவைத்த மதிப்பெண் அட்டவணை. மதிப்பீட்டாளர்கள் தனித்தனியாக மார்க் போடுகிறார்கள். அதாவது உங்கள் முகத்துக்கோ குடும்பத்துக்கோ அங்கே மார்க் கிடையாது. அட்டவணையில் உள்ள விஷயத்தை நீங்கள் வாய்விட்டுச் சொன்னால் மார்க். மனசுக்குள்ளேயே வைத்திருந்தால் மார்க் இல்லை.

கேள்விகள் பெரும்பாலும் நான்கு வகை. ஏன் இந்தத் துறை, அதற்காக என்ன செய்தீர்கள்? வேலையின் தரத்தை மேம்படுத்த என்ன செய்தீர்கள்? ஒரே நேரத்தில் பல வேலை வந்தால் எதை முதலில் எடுப்பீர்கள்? துறையில் இப்போது என்ன நடக்கிறது?

இந்த நான்குக்கும் ரெடிமேட் பதில் விற்கிறார்கள். அதைத்தான் பலரும் மனப்பாடம் செய்கிறார்கள். ‘எனக்குச் சின்ன வயசிலிருந்தே தொழில்நுட்பத்தில் ஆர்வம்’ என்று பத்தாவது ஆளும் சொல்லும்போது, கேட்பவருக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

ஆனால் ஒரகடம் டாக்டரிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது. அவருடைய டியூட்டி ரெஜிஸ்டர். நான்கு கேள்விகளையும் அதை வைத்தே பார்ப்போம்.

கேள்வி 1: ஏன் ரேடியாலஜி?

கிரைண்டிங் பிரிவில் பல வருடம் வேலை செய்த ஒரு தொழிலாளிக்கு முதுகு வலி. முதுகெலும்புக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி எழுதுகிறீர்கள். எழுதும் முன் கேட்க வேண்டிய கேள்வி: ‘அண்ணே, எப்பவாவது கண்ணுல இரும்புத் தூள் பட்டிருக்கா?’

ஏன்? எம்.ஆர்.ஐ. என்பது மிகப் பெரிய காந்தம். கண்ணுக்குள் தங்கிப்போன இரும்புத் துகளை அது நகர்த்திவிடலாம். எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு இப்படி ஒருவருக்கு ஒரு கண்ணில் பார்வை போன சம்பவம் 1986-லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் சந்தேகம் இருந்தால் முதலில் கண் குழிக்கு எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கிறார்கள்.

இந்த ஒரு கேள்வியை நீங்கள் உண்மையிலேயே கேட்டிருந்தால், ‘ஏன் ரேடியாலஜி?’ என்பதற்கு உங்களிடம் பதில் இருக்கிறது. ‘நோயாளியின் வேலை என்ன என்று தெரிந்தால்தான் ஸ்கேன் பாதுகாப்பானது, படமும் சரியாகப் புரியும். இதை நான் ஒரு தொழிற்சாலையில் கற்றுக்கொண்டேன்’ என்று ஆரம்பிக்கலாம்.

ஃபவுண்டரி இருக்கும் இடத்தில் இன்னொரு விஷயம் உண்டு. மணல் அச்சு வேலையில் சிலிக்கா தூசு நுரையீரலுக்குள் போய் சிலிகோசிஸ் வரலாம். நெஞ்சு எக்ஸ்-ரேவில் பெரும்பாலும் மேல் பகுதியில் சின்னச் சின்ன உருண்டைப் புள்ளிகளாகத் தெரியும். காசநோய் வரும் ஆபத்தும் இவர்களுக்கு அதிகம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இப்படிப்பட்ட எக்ஸ்-ரேக்களைத் தரம் பிரிக்கச் சர்வதேச தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் முறை ஒன்று இருக்கிறது. நிலையான மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு 0 முதல் 3 வரை வகைப்படுத்துவார்கள். ஆண்டு மருத்துவப் பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்-ரேக்களைப் பார்க்கும் டாக்டர் இதைப் படித்து வைத்திருந்தால், அதுவே ‘துறைக்காக என்ன செய்தீர்கள்?’ என்பதற்குப் பதில். தரமணியில் உள்ள மண்டல தொழிலாளர் நிறுவனம் நடத்தும் ஏ.எஃப்.ஐ.எச். என்ற மூன்று மாதத் தொழில்சார் மருத்துவப் படிப்பை முடித்தவர்கள் அதையும் இங்கே சொல்லலாம்.

கேள்வி 2: தரத்தை மேம்படுத்த என்ன செய்தீர்கள்?

இதைத்தான் ஆடிட் என்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தால்தான் ஆடிட் செய்ய முடியும் என்று நினைக்க வேண்டாம். நான்கே படிகள்: எது சரி என்று ஓர் அளவுகோல் வையுங்கள், இப்போது எப்படி இருக்கிறது என்று எண்ணுங்கள், ஒரு மாற்றம் செய்யுங்கள், மறுபடி எண்ணுங்கள்.

உதாரணம். பிரஸ் ஷாப்பில் கை நசுங்கி ஒருவர் வருகிறார். முதலுதவி செய்து ஸ்கேன் சென்டருக்குச் சீட்டு எழுதுகிறோம். பல சீட்டுகளில் ‘எக்ஸ்-ரே வலது கை’ என்று மட்டும்தான் இருக்கும். படத்தைப் படிக்கும் ரேடியாலஜிஸ்டுக்கு அது போதாது. ‘பிரஸ் மெஷினில் நசுங்கியது, வலது ஆள்காட்டி விரல், இரண்டு மணி நேரம் முன்பு, உலோகத் துண்டு உள்ளே இருக்கிறதா பார்க்கவும்’ என்று எழுதினால், எங்கே தேட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

உங்கள் ஓ.எச்.சி.யிலிருந்து போன கடைசி 50 சீட்டுகளின் நகலை எடுங்கள். என்ன நடந்தது, எந்த இடம், எப்போது, என்ன சந்தேகம் என்ற நான்கும் எத்தனை சீட்டில் இருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு அந்த நான்கு கட்டங்களோடு ஒரு புதுச் சீட்டு அச்சடித்து வையுங்கள். அடுத்த 50 சீட்டை எண்ணுங்கள். அவ்வளவுதான், உங்கள் கையில் ஒரு முழு ஆடிட் இருக்கிறது.

இரண்டு கட்டுப்பாடுகள். நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தொழிலாளியின் பெயர், டோக்கன் நம்பர் எதுவும் உங்கள் நோட்டில் இருக்கக் கூடாது. எக்ஸ்-ரேவை போனில் படம் பிடித்து குரூப்பில் போடும் பழக்கம் இருந்தால், இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். நோயாளியின் ரகசியம் பற்றி இன்டர்வியூவில் நிச்சயம் பேச்சு வரலாம்.

முடிவு நல்லபடியாக வரவில்லை என்றாலும் பயப்பட வேண்டாம். ‘புதுச் சீட்டு வந்தும் நைட் ஷிஃப்டில் மாற்றம் இல்லை. விசாரித்ததில் சீட்டு கட்டு பகல் ஷிஃப்ட் அலமாரியில் பூட்டியிருந்தது’ என்பது மாதிரி ஒரு நேர்மையான பதிலுக்கும் மார்க் உண்டு. நடக்காததை நடந்ததாகச் சொன்னால், இரண்டாவது துணைக் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி 3: எதை முதலில் எடுப்பீர்கள்?

நீங்கள் ஆன்-கால் ரேடியாலஜி டாக்டர். ஒரே நேரத்தில் மூன்று சி.டி. கோரிக்கை. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பைக் விபத்து, தலையில் அடி, சுயநினைவு குறைந்துகொண்டே போகிறது. இரண்டாமவருக்குச் சிறுநீரகக் கல் வலி, மற்றபடி சீராக இருக்கிறார். மூன்றாமவருக்கு நுரையீரல் ரத்தக் கட்டி சந்தேகம், ரத்த அழுத்தம் இப்போதைக்கு நிலையாக இருக்கிறது.

தலைக்காயம்தான் முதலில் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் விடைக்கு மட்டும் மார்க் இல்லை, காரணத்தை வாய்விட்டுச் சொல்வதற்குத்தான் மார்க். ‘நினைவு மங்கிய தலைக்காயத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் சி.டி. எடுக்க வேண்டும் என்று பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல் சொல்கிறது. அடுத்து ரத்தக் கட்டி சந்தேகம். ஸ்கேன் தாமதமானால் அதற்குள் சிகிச்சையைத் தொடங்கலாமா என்று வார்டு டாக்டரிடம் பேசுவேன். கல் வலிக்காரருக்கு வலி மருந்து கொடுத்தாச்சா என்று கேட்பேன், காய்ச்சல் இருந்தால் அவருடைய அவசரமும் மாறும். எனக்குச் சந்தேகம் வந்தால் சீனியரைக் கூப்பிடுவேன்’ என்று படிப்படியாகப் போக வேண்டும்.

கடைசி வாக்கியத்தை நம்மவர்கள் சொல்லத் தயங்குவார்கள். எல்லாம் தெரிந்த மாதிரி இருக்க வேண்டும் என்று பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறோம். ஆனால் பயிற்சிக்கு ஆள் எடுப்பவர்கள் தேடுவது, தெரியாததைத் தெரியாது என்று நேரத்தோடு சொல்பவரைத்தான்.

கேள்வி 4: துறையில் என்ன நடக்கிறது?

இரண்டு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று கதிர்வீச்சு. ஒரு நெஞ்சு எக்ஸ்-ரேவில் ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட், வயிற்றுக்கு எடுக்கும் சி.டி.யில் ஏறத்தாழ 8 முதல் 10 வரை. நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம். அதனால்தான் ‘இந்த ஸ்கேன் தேவையா?’ என்று கேட்பது ரேடியாலஜிஸ்டின் முதல் வேலை. பிரிட்டனில் இதற்கு 2017-ம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. இந்தியாவில் ஏ.இ.ஆர்.பி. என்கிற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பார்க்கிறது. கதிர்வீச்சோடு வேலை செய்பவருக்கு ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது இங்கே வரம்பு. இந்திய இன்டர்வியூ என்றால் கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடை செய்யும் 1994 சட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

இரண்டாவது ஏ.ஐ. ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதையே நிறுத்திவிடலாம் என்று 2016-ல் சொன்னவர் ஜெஃப்ரி ஹின்டன். 2024-ல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கியவர். ஐந்து வருடத்தில் கம்ப்யூட்டர் இதைவிட நன்றாகச் செய்யும் என்றார். பத்து வருடம் ஆகப் போகிறது, வேலை குறையவில்லை. தான் அன்று ரொம்பப் பொதுப்படையாகப் பேசிவிட்டதாக அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அதே நேரம் 2021-ல் உலக சுகாதார நிறுவனம், 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் நெஞ்சு எக்ஸ்-ரேவில் காசநோயைத் தேட மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. இரண்டு பக்கத்தையும் சொல்லுங்கள். பிறகு உங்கள் அனுபவத்துக்கு வாருங்கள்: மென்பொருள் புள்ளியைக் கண்டுபிடிக்கும். அந்த ஆள் எத்தனை வருடம் மணல் அச்சில் வேலை செய்தார் என்பதை யாராவது கேட்டுச் சொல்ல வேண்டாமா?

ஷிஃப்டுக்கு நடுவே எப்படிப் பயிற்சி எடுப்பது?

முதல் வாரம்: ரெஜிஸ்டரைப் புரட்டி, உங்களை யோசிக்க வைத்த எட்டு கேஸ்களை எழுதுங்கள். பெயர் வேண்டாம். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆச்சு என்று ஒவ்வொன்றுக்கும் நான்கே வரி.

இரண்டாவது வாரம்: ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்தில் பேசி போனில் ரெக்கார்ட் செய்யுங்கள். திரும்பக் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ‘நாங்க செஞ்சோம்’ என்று எத்தனை முறை சொல்கிறீர்கள், ‘நான் செய்தேன்’ என்று எத்தனை முறை என்று எண்ணுங்கள். டீமுக்கு மரியாதை கொடுக்கிறோம் என்று நம்ம ஆட்கள் தன் பங்கை மறைத்துவிடுவார்கள். மார்க் உங்கள் பங்குக்குத்தான்.

மூன்றாவது வாரம்: வேறொருவரைக் கேள்வி கேட்க வையுங்கள். டாக்டராக இருக்க வேண்டும் என்பதில்லை. அக்காவோ ரூம்மேட்டோ போதும். அவருக்குப் புரியவில்லை என்றால் உங்கள் பதில் தெளிவாக இல்லை. ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால், முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். எண்ணம் தெளிவானால் வாக்கியம் தானாகச் சின்னதாகும்.

நான்காவது வாரம்: ஸ்டாப்வாட்ச் வைத்து முழு ஒத்திகை. இன்டர்வியூ அன்றைக்கு முந்தின இரவு நைட் ஷிஃப்ட் இல்லாதபடி இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். இன்டர்நெட், கரன்ட் இரண்டுக்கும் மாற்று ஏற்பாடு இருக்கட்டும்.

இவ்வளவும் செய்து, விதி மாறி அந்த இன்டர்வியூ வராமலேயே போகலாம். நீட் பி.ஜி. ரேங்க் வழியாக இங்கேயே சீட் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் புதுச் சீட்டு ஓ.எச்.சி. மேஜையில் இருக்கும். கிரைண்டிங் பிரிவிலிருந்து வருபவரிடம் கண்ணைப் பற்றிக் கேட்கும் பழக்கமும் இருக்கும். அந்தக் கேள்வியை இன்றைக்கு ஷிஃப்டிலேயே கேட்க ஆரம்பிக்கலாம்.